ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும் தேர்வு: இரண்டு முறை தவறி மூன்றாம் முறை தேறியவனின் அனுபவம்

கனரக வாகனத் தேர்வில் தேறி நான்கு நாட்கள் ஆகின்றன. இது என் மூன்றாவது முயற்சி. முதல் இரண்டு முறையும் நான் விழுந்தது ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும் பகுதியில்தான் என்பதால், வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லும் பரிசோதனையைப் பற்றியோ, சாலையில் ஓட்டிக் காட்டும் பகுதியைப் பற்றியோ இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை மனப்பாடத்தாலும் நிதானத்தாலும் கடந்துவிடலாம். ரிவர்ஸை மனப்பாடத்தால் கடக்க முடியாது என்பதை நான் இரண்டு முறை தேர்வுக் கட்டணம் கட்டித் தெரிந்துகொண்டேன்.

கூம்புகளால் எல்லை குறித்த இடத்துக்குள் ட்ரெய்லரைப் பின்னோக்கி விட, பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கொடுத்தது ஒரு சூத்திரம். மூன்றாவது கூம்பு கண்ணாடியின் விளிம்புக்கு வந்ததும் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒன்றரைச் சுற்று ஒடிக்க வேண்டும். ட்ரெய்லரின் பின்மூலை ஐந்தாவது கூம்புக்கு நேராக வந்ததும் மறுபக்கம் மூன்று சுற்று ஒடிக்க வேண்டும். பிறகு நேராக்க வேண்டும். சுற்றுகளை எண்ணுவதற்காக ஸ்டீயரிங்கின் உச்சியில் மஞ்சள் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தார்கள். அந்த மைதானத்தில், அந்த வண்டியில், பத்துக்கு ஒன்பது முறை நான் சரியாக உள்ளே விட்டேன். தேர்வு நாளன்று கொடுத்த வண்டியில் டேப் இல்லாதது சிறிய குறை. ட்ரெய்லரின் பின் அச்சுகள் நாங்கள் பழகிய வண்டியில் இருந்ததைவிட நன்றாக முன்னே தள்ளப்பட்டிருந்ததுதான் பெரிய வேறுபாடு, அதை நான் கவனிக்கவே இல்லை.

பெட்டி 53 அடி நீளமாகவே இருந்தாலும், ரிவர்ஸில் ட்ரெய்லர் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது கிங்பின்னிலிருந்து (ட்ரெய்லரை முன்வண்டியோடு இணைக்கும் முளை) பின் அச்சு வரையுள்ள தூரம்தான். அந்தத் தூரம் குறையக் குறைய ட்ரெய்லர் துடிப்பாகத் திரும்பும், வேகமாக மடங்கும், அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பெட்டியின் வாலும் எதிர்ப்பக்கம் அதிகமாக வீசும். ஐந்தாவது கூம்பு வரட்டும் என்று நான் சூத்திரப்படி காத்திருந்தேன். அதற்குள் முன்வண்டியும் ட்ரெய்லரும் கத்தி மடங்குவதுபோல மடங்கிவிட்டன. கூம்பு விழுந்த சத்தம் எனக்குக் கேட்கக்கூட இல்லை. தேர்வாளர் கையை உயர்த்தியபோதுதான் தெரிந்தது.

இரண்டாம் முறை தோற்றதற்குக் காரணம் பயம். நேராகப் பின்னால் வருவதுதான் எல்லாவற்றிலும் எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதில்தான் தோற்றேன். ட்ரெய்லர் கொஞ்சம் விலகினால் நிறைய ஒடித்தேன், அது மறுபக்கம் போனது, இன்னும் நிறைய ஒடித்தேன். பாதை முழுவதும் பாம்பு ஊர்ந்ததுபோல வந்து, முன்னே இழுத்து நேராக்க அனுமதிக்கப்பட்ட வாய்ப்புகள் அனைத்தையும் பாதித் தூரத்திலேயே தீர்த்துவிட்டேன்.

அதன் பிறகு மூன்று நாட்கள் நான் ஸ்டீயரிங்கையே தொடவில்லை. மைதானத்தின் ஓரத்தில் நின்று, மற்றவர்கள் ரிவர்ஸ் எடுப்பதை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து முறை ஓட்டுவதைவிட ஒரு முறை வெளியே நின்று பார்ப்பது மேல் என்று இப்போது நம்புகிறேன்; துணிச்சலானவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம், எனக்குப் பொருந்தியது. வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் இரண்டு விஷயங்கள் புரிந்தன. முதலாவது, ட்ரெய்லர் தன் பின் டயர்களை மையமாக வைத்தே திரும்புகிறது. ஆகவே பின்கதவை அல்ல, அந்த டயர்களைத்தான் நாம் உள்ளே கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, தவறியவர்களில் பெரும்பாலோர் ஒடிக்கத் தெரியாமல் தவறவில்லை, ஒடித்ததைத் திருப்பிக் கொடுக்கத் தாமதித்ததால் தவறினார்கள்.

இந்த இரண்டாவது விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தேறியதே இதனால்தான். முன்னோக்கிப் போகும்போது ட்ரெய்லர் தானாகவே பின்னால் நேராகி வந்துவிடும். பின்னோக்கி வரும்போது நிலைமை தலைகீழ்: ஒரு சிறு கோணம் விழுந்துவிட்டால், முன்சக்கரங்களை நீங்கள் நேராக்கி வைத்திருந்தாலும் அந்தக் கோணம் தானாகவே வளர்ந்துகொண்டு போகும். உள்ளங்கையில் துடைப்பத்தை நிமிர்த்தி நிறுத்துவதைப் போன்றது இது. சாயத் தொடங்கியதைச் சும்மா விட்டால் மேலும் சாயும். எனவே ட்ரெய்லர் வேண்டிய கோணத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு ஸ்டீயரிங்கை நேராக்குவது தாமதம் மட்டுமல்ல, அது போதவும் போதாது. கோணம் விழுவதற்குக் கொஞ்சம் முன்பே திருப்பத் தொடங்கி, நேர்நிலையைத் தாண்டி மறுபக்கமும் சற்று ஒடித்தால்தான் கோணம் வளராமல் நிற்கும். முன்வண்டி ட்ரெய்லரைத் தொடர்ந்து போகத் தொடங்கும். எந்தச் சூத்திரமும் எனக்கு இதைச் சொல்லவில்லை. மூன்று சுற்று என்று சொன்னார்களே தவிர, ஏன் மூன்று என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு வரம்பைத் தாண்டி மடங்கிவிட்டால், ஸ்டீயரிங்கை முழுமையாக ஒடித்தாலும் ரிவர்ஸிலேயே அதை மீட்க முடியாது. முன்னே இழுப்பது ஒன்றே வழி. அந்த நேரத்தில் பிடிவாதம் பிடித்தால் கேபினின் பின்பகுதி ட்ரெய்லரில் இடிக்கும், காற்றுக் குழாய்கள் அறுந்துபோகும்.

மற்றவை சுருக்கமாக:

- எந்தப் பக்கம் ஒடிப்பது என்று குழம்புகிறவர்கள் ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ, ட்ரெய்லரின் பின்பக்கம் அந்தப் பக்கம் போகும்.
- நேராக வரும்போது எந்தக் கண்ணாடியில் ட்ரெய்லர் அதிகமாகத் தெரிகிறதோ அந்தக் கண்ணாடியின் பக்கம் ஸ்டீயரிங்கின் உச்சி போகும்படி சிறிதளவு ஒடியுங்கள். பலன் உடனே தெரியாது, காத்திருங்கள். என் இரண்டாவது தோல்வி இந்தக் காத்திருப்பு இல்லாததால் வந்தது.
- ஆக்சிலரேட்டரில் கால் வேண்டாம்.
- குவிந்த கண்ணாடியில் எல்லாம் இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும். இடைவெளியை அதில் அளக்காதீர்கள்.
- ஜன்னலை இறக்கிவிடுங்கள்.
- தொடங்கும் இடம் கோணலாக இருந்தால் ரிவர்ஸைத் தொடங்கவே தொடங்காதீர்கள். முன்னே ஓட்டி நிறுத்தும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது.
- வண்டியில் ஏறுவதற்கு முன் பின் அச்சுகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்.

மூன்றாம் முறை செய்ததில் ஒரு கட்டத்தை மட்டும் சொல்கிறேன். ட்ரெய்லர் பாதி உள்ளே போயிருந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் பின் டயரின் பக்கவாட்டும் வெள்ளைக் கோடும் ஒன்றையொன்று தொடுவதுபோலத் தெரிந்தன. பழைய நானாக இருந்தால் அங்கேயே ஒடித்திருப்பேன். இம்முறை பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, கேபினைப் பார்த்தபடி, பிடியை விடாமல் இறங்கினேன். தேர்வில் இறங்கிப் பார்ப்பதற்கும் இத்தனை முறைதான் என்ற கணக்கு உண்டு. இருந்தாலும் அந்த ஒரு வாய்ப்பை அங்கே செலவழித்தேன். நடந்து போய்க் குனிந்து பார்த்தால், டயருக்கும் கோட்டுக்கும் நடுவே என் உள்ளங்கை அகலத்துக்கு இடம் இருந்தது. டயரின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஈர மண் கோட்டின் மேல் விழவில்லை. மறுபக்கம் நான்கு உள்ளங்கை அகலம் இருந்தது. ஏறி உட்கார்ந்து, கால் சுற்று மட்டும் ஒடித்து, அதை உடனே திருப்பிக் கொடுத்து, மெதுவாக விட்டேன். பின்கதவு எல்லைக்குள் போய் நின்றது. முன்னே இழுத்தது ஒரே முறை, இறங்கிப் பார்த்தது ஒரே முறை, கூம்பு எதுவும் விழவில்லை. தேர்வாளர் எதுவும் சொல்லாமல் தாளில் எழுதிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகச் சொன்னார்.

ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாத குருட்டுப் பக்கமாக மடக்கி உள்ளே விடுவதை என் தேர்வில் கேட்கவில்லை, நான் அதை இதுவரை ஒரு முறைகூட ஒழுங்காகச் செய்ததும் இல்லை. வேலைக்குச் சேர்ந்ததும் காலி மைதானமும், பின்னால் நின்று கை காட்ட ஒருவரும் கேட்டு வாங்கி, முதலில் அதைத்தான் பழகப்போகிறேன்.