வால்வு ரேடியோவும் ஞாயிற்றுக்கிழமை வருமானமும்

ஜூன் 8, ஞாயிறு

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) விடுவதாக இல்லை. இந்த மாதம் பாலிஷ் வேலையைத் தொட முடியாது. காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது மரப்பெட்டிக்கு அரக்கு பாலிஷ் போட்டால் மேலே வெள்ளை படர்ந்துவிடும். பெட்டிகளை எல்லாம் துணி போட்டு மூடி வைத்துவிட்டு உள்வேலையை எடுத்திருக்கிறேன்.

மேசையில் இருப்பது ஒரு பிலிப்ஸ் வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் வகை. தக்கலைப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தபோது ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடை) போக இருந்தது. 2,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்த வீட்டுப் பாட்டாவுக்கு அதைக் கொடுக்க மனசே இல்லை. "மக்களே, இது பாடுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் திருவனந்தபுரம், சாயங்காலம் சிலோன், இதுதான் அந்த வீட்டு வழக்கமாம். திருவனந்தபுரம் நிலையம் 1943-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கியது, 1950-இல் ஆகாசவாணிக்குப் போனது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை நம் குமரித் தாலுகாக்களும் அந்தப் பக்கம்தானே. இங்குள்ள பழைய வீடுகளில் கிடைக்கும் ரேடியோக்களில் டயல் முள் எந்த இடத்தில் துருப்பிடித்து நிற்கிறது என்று பார்ப்பேன். அந்த வீட்டில் கடைசியாக எதைக் கேட்டார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பின்பக்க அட்டையைக் கழற்றினால் எலிக்கூடு, கரப்பான் முட்டை, ஒரு பழைய ஐந்து பைசா. ஸ்பீக்கர் காகிதம் மட்டும் கிழியாமல் இருக்கிறது. அதுவே பெரிய அதிர்ஷ்டம்.

ஜூன் 11, புதன்

அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) சம்பளக் கணக்கு முடித்து வர இருட்டிவிட்டது. சாப்பிட்டுவிட்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

இப்படிப் பல வருடம் கிடந்த செட்டை வாங்கியவர்கள் செய்யும் முதல் காரியம், பிளக்கைச் சொருகிப் பார்ப்பது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் மெழுகுக் காகிதக் கெப்பாசிட்டர்கள் அத்தனையும் ஈரம் குடித்துக் கிடக்கும். முக்கியமானது, கடைசி வால்வின் கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு, போகும் கப்ளிங் கெப்பாசிட்டர். அதன் வேலை ஒலியை மட்டும் விட்டு டிசி வோல்டேஜைத் தடுப்பது. அது லீக் ஆனால் முந்தைய வால்வின் ஆனோடில் (தகட்டில்) இருக்கும் வோல்டேஜ் கசிந்து கிரிட்டுக்கு வரும், கடைசி வால்வு அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும், அதன் தகடு சிவக்கும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரியும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பாகத்தால் ஆயிரக்கணக்கில் செலவு வரும். ஆகவே கரண்ட் கொடுக்கும் முன்பே அதை எடுத்துவிட்டு 630 வோல்ட் பாலியெஸ்டர் ஒன்று போட்டேன். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றினேன்.

அப்புறம்தான் சீரிஸ் பல்பு. 60 வாட் பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்தால் உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிடும், செட்டுக்குப் பெரிய சேதம் வராது. பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது. வால்வுகளில் ஆரஞ்சு நிறம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் லேசான இரைச்சல். கிரிட்டில் மீட்டர் வைத்தேன், பூஜ்யம், கசிவு இல்லை. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சம்பள நாளில்கூட வருவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

முட்டம் பக்கம் விடுதி நடத்தும் ஒருவர் வந்தார். அறைக்கு ஒன்றாக நான்கு பழைய ரேடியோ வேண்டுமாம்.

"அண்ணே, உள்ள இருக்கிறத எல்லாம் எடுத்துருங்க. புளூடூத் போர்டு ஒண்ணு வச்சு, ரெண்டு சின்ன ஸ்பீக்கர் மாட்டிருங்க. வெளிய மட்டும் பழசா இருந்தா போதும். ஒண்ணுக்கு ஒம்பதாயிரம் தாறேன்."

நல்ல தொகைதான், வேலையும் குறைவு. குடலை உருவிப் போட்டு போர்டு மாட்ட ஒரு மத்தியானம் போதும். ஒழுங்காகச் சரிசெய்ய ஒரு செட்டுக்கு இரண்டு மூன்று வாரக்கடைசி போய்விடும். இந்த வேலையில் பணம் வருவது பெரும்பாலும் அந்தக் குறுக்கு வழியில்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பாடக்கூடிய செட்டின் சேசிஸை (பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டு) பிடுங்க எனக்குக் கை வராது. வால்வு செட்டுகள் இனி எங்கும் செய்யப்படப் போவதில்லை, இருப்பது குறைந்துகொண்டேதான் போகும். எலி கடித்து, காயில் (கம்பிச்சுருள்) எல்லாம் அறுந்து, டிரான்ஸ்பார்மரும் போன பெட்டி என்றால் சரி, போர்டு வைக்கலாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

ஜூன் 21, சனி

கருங்கல் ஊரில் இருந்து ஒரு நேஷனல் பானசோனிக் டூ இன் ஒன், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த செட், வந்திருக்கிறது. சவூதியில் இருந்து கொண்டு வந்தது. அங்கே அந்தக் காலத்தில் 127 வோல்ட் லைன் இருந்த ஊர்கள் உண்டு. அதனால் இந்த செட்டுகளின் பின்னால் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கும். அது குறைந்த வோல்டேஜில் நிற்கிறதா என்று பார்க்காமல் நம் ஊர் லைனில் சொருகித்தான் குமரி மாவட்டத்தில் பாதி கல்ஃப் செட்டுகள் புகைந்தன. இது தப்பித்திருக்கிறது.

கேசட் பக்கம்தான் பாடவில்லை. ரப்பர் பெல்ட் உருகி, தார் மாதிரி கப்பிகளில் ஒட்டிக் கிடக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். விரலில் ஏறிய கறுப்பு சோப்புக்கும் போகவில்லை. பழைய பெல்ட்டின் அளவு தெரியாததால் கப்பிகளைச் சுற்றி நூல் விட்டு நீளம் பார்த்தேன். அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்துப் புது பெல்ட் எடுத்தால் சரியான இறுக்கம் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

செட்டோடு ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட்டும் கொடுத்திருக்கிறார் அந்த அக்கா. அவர் கணவர் 80-களில் அங்கிருந்து பேசி அனுப்பிய கேசட்டுகள். கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவது அப்போது வழக்கம். "பாட்டு கேசட்டு எதுவும் வேண்டாம் தம்பி, இது மட்டும் கேட்டாப் போதும்" என்றார்.

ஜூலை 2, புதன்

பெல்ட் வந்தது. டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, டேப்பை இழுக்கும் பிஞ்ச் ரோலரையும் சுத்தம் செய்து ஓடவிட்டேன். வேகம் சரியாக இருக்கிறது.

கேசட்டுகளில்தான் வேலை அதிகம். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பலவற்றில் பசை விட்டு விழுந்துவிட்டது. சிலவற்றில் டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம். நம் ஊர் ஈரத்தில் இது தவிர்க்க முடியாதது. திருகு போட்ட புது கேசட் கூடு வாங்கி, டேப்பை மட்டும் அதற்குள் மாற்றினேன். பூஞ்சணம் பிடித்ததை உலர்ந்த மெல்லிய துணியில் மெதுவாக ஓட்டித் துடைத்த பிறகே செட்டில் போட்டேன்.

ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைத் திருகால் கொஞ்சம் திருத்த வேண்டும். சரியான இடம் வந்ததும் மந்தமாக இருந்த குரல் சட்டென்று தெளியும், 'ச', 'ஸ' எல்லாம் காதில் விழும். அதற்கு ஒரு நிமிடம் கேட்டே ஆக வேண்டும். முதல் கேசட்டில் அந்த அக்காவின் கணவர், வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டதா என்று கேட்கிறார். பின்னால் ஏசி ஓடும் சத்தம். தெளிந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, லேப்டாப்பில் பதிவாவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுப் பேச்சு அவர்களுக்குத்தான்.

இப்படி லேப்டாப்பில் ஏற்றித் தர கேசட்டுக்கு 150 ரூபாய் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் நிலையாக வருவது இதுதான். குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு டின் இருக்கும். ரேடியோ விற்க ஆள் தேட வேண்டும், இதற்குத் தேடி வருகிறார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

விடுதிக்காரருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அது அந்தப் பழைய செட்டுகளிலேயே இருக்கிறது.

வால்வு ரேடியோவின் பின்னால் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், பக்கத்தில் ரெக்கார்டு படம் போட்டிருக்கும். பிக்கப் சாக்கெட். கிராமபோன் பிளேயரை ரேடியோ வழியாகப் பாடவைக்கக் கம்பெனிக்காரனே கொடுத்தது. பேண்ட் சுவிட்சை அந்த இடத்துக்குத் திருப்பினால் ரேடியோ பகுதி ஒதுங்கி, வெளியே இருந்து வரும் ஒலி வால்வு ஆம்ப்ளிஃபையர் வழியாக அந்த செட்டின் சொந்த ஸ்பீக்கருக்குப் போகும். அந்தத் துளையில் புளூடூத் ரிசீவரின் வயரைக் கொடுத்தால் முடிந்தது. எதையும் வெட்ட வேண்டாம், ஒரு புது ஓட்டைகூடப் போட வேண்டாம். புளூடூத்தில் இடது வலது இரண்டும் தனித்தனியாக வரும், இது ஒற்றைச் சேனல். இரண்டையும் நேரடியாக முறுக்கிச் சேர்க்காமல் ஆளுக்கு ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்துச் சேர்க்க வேண்டும்.

தக்கலை செட்டில் செய்து பார்த்தேன். நாகஸ்வரம் போட்டேன். பெரிய மரப்பெட்டி, எட்டு இன்ச் ஸ்பீக்கர், வால்வின் அந்தக் கதகதப்பு! விடுதிக்காரருக்குப் போன் போட்டு அப்படியே கேட்க வைத்தேன். "அண்ணே, இது வேற மாதிரி இருக்கே" என்றார். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் அறையில், சுவிட்ச் போட்டதும் பாடாமல் வால்வு சூடாகும்வரை கொஞ்சம் காத்திருக்க வைக்கும் ரேடியோ இருப்பது அவருக்கும் பிடித்துவிட்டது. சுவிட்சைத் திருப்பினால் ராத்திரியில் மீடியம் வேவும் கிடைக்கும். ஆனால் அறையில் மலிவான எல்இடி பல்பு இருந்தால் அதன் இரைச்சல்தான் கேட்கும் என்று சொல்லி வைத்தேன்.

விலை பேசினோம். ஒன்றுக்கு 11,000. பாகங்களோடு என் நேரத்துக்கும் சேர்த்துக் கேட்டேன். ஹாபிதானே என்று நேரத்தை விட்டுக்கொடுத்தால், இதையே நம்பிக் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குகளின் கூலியையும் நாம் இறக்கிவிடுகிறோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கிடைத்த வெயில் நாட்களில் பாலிஷ் முடித்து மூன்று செட்டுகளை முட்டத்தில் இறக்கியாயிற்று. அங்கே ராத்திரியில் லைன் 240-ஐத் தாண்டுவதால் மூன்றிலும் லைனுக்கு ஏற்ப மாற்றும் வோல்டேஜ் தகட்டை 245-இல் வைத்தேன். ஒவ்வொன்றின் பின்பக்க அட்டைக்குள்ளும் மாற்றிய பாகங்கள், தேதி எல்லாம் எழுதிய தாள் ஒட்டியிருக்கிறேன். எது ஒரிஜினல், எது புதுசு என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். கடற்காற்று சேசிஸைத் தின்றுவிடும், ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள் என்றும் சொன்னேன்.

நான்காவதில்தான் இழுபறி. அது மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இல்லாத செட். வால்வுகளின் பெயர் 'யு'-வில் தொடங்கும்: யுசிஎச் 81, யுபிஎஃப் 89, யுசிஎல் 82. இவற்றில் கரண்ட் லைனின் ஒரு பக்கம் நேராகச் சேசிஸிலேயே இருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட். பின்னால் வயர் இழுத்து புளூடூத் ரிசீவர் தொங்கவிட்டால், அதைத் தொடும் விருந்தாளிக்கு ஷாக் அடிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. செட்டை லைனிலிருந்து பிரித்து வைக்கும் 230-க்கு 230 ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று நடுவில் வைக்காமல் அதைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேலும் இரண்டாயிரத்துக்குப் பக்கம் ஆகும்.

"மத்த மூணும் இப்படியே ஓடுதே அண்ணே?" என்றார் விடுதிக்காரர்.

மற்ற மூன்றிலும் டிரான்ஸ்பார்மர் உள்ளேயே இருக்கிறது என்று திறந்து காட்டினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நாகர்கோவிலில் காயில் சுற்றுகிறவரிடம் டிரான்ஸ்பார்மருக்கு இன்றே சொல்லிவிட்டேன். விடுதிக்காரர் எடுக்காவிட்டால் அந்த செட் என் அறைக்கு.