க்வாஸி

ஏப்ரல் 27 பிரேசிலில் வீட்டு வேலைத் தொழிலாளர் தினம். வாராவாரம் நாங்கள் போடும் போர்த்துகீசிய மொழி ஒலிப்பாடத்துக்கு அந்த வாரம் அதையே எடுத்திருந்தேன். சொற்கள் நன்றாகவே அமைந்தன. மாதச் சம்பளத்துக்கு வருபவர் மென்சலிஸ்தா, நாள் கூலிக்கு வருபவர் ஜியாரிஸ்தா. 2015 சட்டப்படி ஒரே வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போனால் அவர் முறையான ஊழியர், பணிப்புத்தகத்தில் பதிந்தாக வேண்டும். (இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் உண்டு, சொல்லவா வேண்டும்.) எம்ப்ரெகாதா (வீட்டு வேலைக்காரி) என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் 'என் செக்ரெட்டாரியா' என்பார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர் ஏதோ ஆபீஸ் செயலாளர் என்று நினைத்துக்கொள்வார். இந்த மாதிரி விஷயங்கள் மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியில் ஒரு உரையாடல். வீட்டம்மா தோழியிடம் சொல்கிறார்: 'எலா ஏ க்வாஸி த ஃபமீலியா.' அவள் கிட்டத்தட்ட எங்கள் குடும்பத்தில் ஒருத்தி. க்வாஸி என்றால் கிட்டத்தட்ட. பக்கத்தில் என் குறிப்பு: அன்பைக் காட்டும் வழக்கு.

பதிவின்போது அந்த வரியில் குரல் கொடுப்பவர் நின்றுவிட்டார். ஹெட்போனைக் கழற்றவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மைக்கிலேயே, "க்வாஸி?" என்றார். அவ்வளவுதான்.

நான் முதலில் இலக்கணத்தைப் பார்த்தேன். அதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பிழை எதுவும் இல்லை. "ஜனங்க அப்படித்தானே சொல்றாங்க?" என்றேன்.

"சொல்றாங்க."

"சொல்றதைத்தானே நாம சொல்லிக்கொடுக்கிறோம்?"

"போய்ஸ் ஏ" என்றார். பிறகு முழுவதையும் ஒரே மூச்சில் படித்து முடித்தார். குரலில் ஒரு குறையும் இல்லை. கேட்டுப் பார்த்தால் சிரித்த முகத்தோடு படித்தது போலத்தான் இருக்கும்.

இந்தப் 'போய்ஸ் ஏ' பற்றி அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஒரு பாடம் எழுதியிருந்தேன். 'ஆமாம், அப்படித்தான்' என்று ஒத்துக்கொள்வது என்று விளக்கம் கொடுத்திருந்தேன். அதே சொல்லை 'உன்னிடம் இதற்கு மேல் பேசிப் பயனில்லை' என்பதற்கும் இந்த ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு பாடத்தை வெளியிட்டேன்.

நான் சொன்னது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. சாவோ பாவ்லோவுக்கோ ரெசிஃபேவுக்கோ குடி வருகிறவர் முதல் வருஷத்திலேயே இந்த வாக்கியத்தை யார் வாயிலாவது கேட்டுவிடுவார். நல்ல வார்த்தைகளை மட்டும் பொறுக்கிக் கொடுத்தால் தெருவில் இறங்கியதும் அவர் ஊமையாகிவிடுவார். நான் தலையங்கம் எழுதுகிறவன் இல்லை, சொல் விற்கிறவன்.

ஆனால் 'அன்பைக் காட்டும் வழக்கு' என்று ஜனங்கள் யாரும் சொல்லவில்லையே. அது நான் எழுதியது.

2013-இல் அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் வாரத்துக்கு 44 மணி நேரம், ஓவர்டைம் என்கிற கணக்கே பிரேசிலில் வீட்டு வேலைக்குள் நுழைந்தது. மற்ற தொழிலாளர்களுக்கு அது எப்போதோ கிடைத்துவிட்டது. அதுவரை கணக்கு கேட்கவிடாமல் வைத்திருந்தவற்றில் இந்தக் 'குடும்பம்' என்கிற சொல்லும் ஒன்று. குடும்பத்தில் ஒருத்தி ஓவர்டைம் கேட்பாளா? 2020 மார்ச்சில் ரியோ மாநிலத்தின் முதல் கொரோனா சாவு, 63 வயது வீட்டுப் பணியாளருடையது. வாரத்தில் பல நாள், ரியோவின் பணக்காரப் பகுதியான லெப்லோனில் வேலை பார்த்த வீட்டிலேயே தங்கியவர். அந்த வீட்டு எஜமானி இத்தாலி போய்த் திரும்பியிருந்தார். இதையும் பாடத்தில் சேர்க்க நினைத்து, ஆரம்பநிலைக்காரர்களுக்குக் கனமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சொற்கள் ஒன்றும் கடினமில்லை. வயது, வீடு, பயணம், காய்ச்சல், எல்லாம் இரண்டாம் மாதத்துச் சொற்கள்.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. க்வாஸி என்ற சொல் எனக்குப் புதிது, அந்த வாக்கியம் புதிதில்லை. 'எங்க வீட்டு ஆள் மாதிரி' என்று கேட்டே வளர்ந்தவன். க்வாஸி செய்கிற வேலையைத் தமிழில் 'மாதிரி' செய்கிறது. எங்கள் வீட்டில் பதினாலு வருஷம் பாத்திரம் தேய்த்த அக்கா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாரும் உட்காரக் கூடாது என்று சொன்னதில்லை. அவரும் உட்கார்ந்ததில்லை. காதுக்குப் பழகிய வாக்கியம் என்பதால்தான் அன்பு என்று எழுதினேனோ என்னவோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவு நடந்த அன்று வீடு திரும்பும் வழியிலேயே, குரல் கொடுப்பவருடைய அம்மா வீட்டு வேலை பார்த்தவராக இருப்பார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் கறுப்பினப் பெண், அதை வைத்து நானே கட்டிய கதை. சில வாரம் கழித்துக் காப்பி குடிக்கும்போது, தன் வீட்டுக்கு வரும் ஜியாரிஸ்தா செவ்வாய்க்கிழமை சொல்லாமல் லீவு போட்டுவிட்டார் என்று அலுத்துக்கொண்டார். சட்டென்று எனக்கு ஒரு நிம்மதி. அப்பாடா, இவரும் எங்களில் ஒருவர்தான் என்பது போல. அந்த 'எங்களில்' எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் ஜியாரிஸ்தா வைத்திருப்பவர் 'க்வாஸி?' என்று கேட்கக் கூடாதா என்ன?

குறிப்பை மூன்று தடவை மாற்றினேன். 'நெருக்கத்தைக் குறிக்கும்', 'எஜமானர்கள் சொல்வது', 'சில சமயம் கிண்டலாக'. எதுவும் நிற்கவில்லை. இப்போது வரி அப்படியே இருக்கிறது, பக்கத்தில் குறிப்பு இல்லை.

போன வாரம் குரிச்சிபாவுக்குக் குடிபோன ஒரு மாணவி எழுதியிருந்தார். தன் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாவிடம் இதைச் சொன்னால் சந்தோஷப்படுவாரா என்று கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை பதிவு இருக்கிறது. குரல் கொடுப்பவரிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. கேட்டால், இதையும் கொண்டுபோய் அவர் தலையில் கட்டுவதாகிவிடுமோ என்றும் இருக்கிறது.