மெதுவான உருப்படியை முதலில் தேர்ந்தெடுத்தேன்

ஜூன் மாதம் பள்ளி கல்லூரிகள் திறந்து, மாணவர்கள் ஊரிலிருந்து திரும்பியதும், இந்த ஆண்டு யார் எதை வாசிப்பது என்று முடிவு செய்யும் வேலை எனக்குத் தொடங்கிவிடும். பெங்களூரு காக்ஸ் டவுனில், என் வீட்டு முன்னறையில் ஓர் அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் பெட்டி வடிவ) பியானோவை வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இவ்வாண்டு மற்றவர்களுக்கான உருப்படிகள் இரண்டு மாலைகளில் முடிவாகிவிட்டன. ஒரே ஒரு மாணவிக்கு மட்டும் மூன்று வாரம் தேவைப்பட்டது. அவளுக்கு வயது 16, முதல் பி.யு.சி. படிக்கிறாள், பியானோவில் எட்டாம் கிரேடு தேர்வைச் சென்ற ஆண்டு முடித்துவிட்டாள். ஜனவரியில் அவள் கலந்துகொள்ளவிருக்கும் போட்டியில் 15 நிமிடத்துக்கு மிகாமல், குறைந்தது இரண்டு வெவ்வேறு காலகட்டங்களைச் சேர்ந்த படைப்புகளை, நோட்ஸ் பார்க்காமல் வாசிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு நான் செய்த தவறிலிருந்துதான் இதை எழுதத் தொடங்க வேண்டும். அப்போது அவளுக்கு ஷோபானின் ஃபேண்டஸி இம்ப்ராம்ப்டுவைக் கொடுத்தேன். ஷோபான் 1834-இல் எழுதித் தம் வாழ்நாளில் வெளியிடாமலே வைத்திருந்து, அவர் மறைந்த பிறகு 1855-இல் நண்பர் ஜூலியன் ஃபோன்டானா அச்சேற்றிய படைப்பு அது. வலக்கையில் நான்கு, இடக்கையில் மூன்று என்று ஓடும் அந்த வேகம் கேட்பவரை உடனே ஈர்க்கும் என்பதாலேயே நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அன்று அதே பிரிவில் இன்னும் மூன்று பேர் அதையே வாசித்தார்கள். மேடையிலிருந்த கிராண்ட் பியானோவின் கீகள் எங்கள் பியானோவின் கீகளைவிடக் கனமாக இருந்ததால், இரண்டாவது பக்கத்திலேயே அவளுடைய முன்கை இறுகியதை நான் பின்வரிசையிலிருந்தே பார்த்தேன். நடுவர் எழுதிக்கொடுத்த தாளில் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நடுவில் வரும் மெதுவான பகுதி, அடுத்த வேகப் பகுதிக்காகக் காத்திருக்கும் நேரமாகவே ஒலித்தது என்று மட்டும் குறித்திருந்தார். அது உண்மை. ஐந்து மாதப் பயிற்சியில் அந்த நடுப்பகுதிக்கு நாங்கள் ஒதுக்கியது நான்கைந்து வகுப்புகள்தான். சுலபமாக இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவள் நான்தான்.

அந்தத் தாளைப் படித்துக்காட்டியபோது மாணவியின் பாட்டி சொன்னதும் இப்போதைய முடிவுக்கு ஒரு காரணம். அல்சூரில் பல ஆண்டுகள் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர். “டீச்சரம்மா, எங்க பக்கத்துல சவுக்க காலத்துல ஒரு கீர்த்தனையைப் பாடச் சொல்லுவோம். பாட்டு எவ்வளவு உள்ள போயிருக்குன்னு அப்பத்தான் தெரியும்” என்றார். சவுக்க காலம் என்றால் மெதுவான வேகம். ஆகவே இந்த ஆண்டு வேகமான உருப்படியை முதலில் எடுத்துக்கொண்டு மிச்ச நிமிடங்களை மற்றவற்றால் நிரப்பும் வழக்கத்தை விட்டுவிட்டு, மெதுவான உருப்படியை முதலில் முடிவு செய்து, அதைச் சுற்றி மற்றவற்றை அமைப்பது என்று தீர்மானித்தேன்.

மேசையில் நான்கு படைப்புகள் இருந்தன. மோட்சார்ட்டின் எஃப் மேஜர் சொனாட்டாவில் (பல பகுதிகள் கொண்ட படைப்பு; கேஷல் பட்டியலில் எண் 332) வரும் அடாஜியோ என்னும் மெதுவான பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. 1784-இல் அச்சான பதிப்பில், அதன் கருப்பொருள் திரும்பி வரும் இடம் கையெழுத்துப் பிரதியில் இல்லாத அலங்காரங்களோடு இருப்பதால், எதை வாசிப்பது என்று யோசிப்பதே ஒரு நல்ல பாடம். ஆனால் மோட்சார்ட் அவளுக்கு ஏற்கெனவே நன்றாக வருகிறது. ஷூபர்ட்டின் ஜி ஃபிளாட் மேஜர் இம்ப்ராம்ப்டு, அதாவது ஓபஸ் (படைப்பு எண்) 90-இன் மூன்றாவது, வலக்கையின் சிறுவிரலும் மோதிர விரலும் பாட, அதே கையின் மற்ற விரல்கள் இடைவிடாமல் அலைபோல ஓட வேண்டிய படைப்பு. பிராம்ஸின் ஓபஸ் 118-இன் இரண்டாவது இன்டர்மெஸ்ஸோவைப் போட்டிகளில் அடிக்கடி கேட்கிறோம். அதோடு அது கையை விரிக்கச் சொல்லும். பியானோவின் வெள்ளைக் கீகளில் ஒரு ஸ்தாயியின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். அவள் கை அதைத் தொட்டபின் இன்னும் ஒரே ஒரு கீயைத்தான் சிரமத்தோடு எட்டும். கை பெரியதாக வளரும் என்று காத்திருந்து உருப்படி கொடுப்பதும், இருக்கிற கையை வருத்தி வாசிக்க வைப்பதும் இரண்டுமே தவறு என்று நினைக்கிறேன்.

நான்காவது பீத்தோவனுடையது: 1798-இல் வெளியான டி மேஜர் சொனாட்டா, ஓபஸ் 10 எண் 3, அதன் இரண்டாம் பகுதி. அதன் தலைப்பில் ‘லார்கோ எ மெஸ்டோ’ என்று இருக்கிறது. மிக விரிவாக, துயரத்தோடு என்று பொருள். இதை எழுதும்போது பீத்தோவனுக்கு இருபத்தேழு வயதுதான். பியானோவின் கீழ்ப்பகுதியில் இரண்டு கைகளும் நெருக்கமாக இருந்து ஒலிக்கும் கனமான கார்டுகளோடு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டங்களோடு) டி மைனரில் தொடங்கி, மெல்ல மெல்ல விரிந்து, கடைசியில் துண்டு துண்டாகச் சிதறி முடிகிறது. வாசிக்க ஒன்பதரை நிமிடம் ஆகும். போட்டிகளில் சொனாட்டா என்றாலே முதல் பகுதியைத்தான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் பகுதியைத் தனியாக வாசிக்க விதிமுறை அனுமதிக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே அவளிடம் சொன்னேன்.

அவளுடைய அப்பா தயங்கினார். “மேடம், எல்லாரும் ஃபாஸ்ட் பீஸ் வாசிக்கும்போது இவ மட்டும் பத்து நிமிஷம் ஸ்லோவா வாசிச்சா எடுபடுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எடுபடும் என்ற உறுதியை என்னால் தர முடியவில்லை. ஜனவரிக்குப் பிறகும் அவளிடம் தங்கப்போகும் உருப்படி எது என்பதைத்தான் நான் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

முதல் வகுப்பை இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தேர்வு சரிதான் என்று எனக்கு அன்றுதான் உறுதியானது. ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே தூறிக்கொண்டிருந்தது. முதல் நான்கு அளவுகளை, அதாவது தாள ஆவர்த்தனம் போன்ற நான்கு ‘பார்’களை மட்டும் வாசிக்கச் சொன்னேன். ஓர் அளவுக்கு ஆறு எண்ணிக்கை. வாசித்தாள், நோட்ஸ் எல்லாம் சரி, ஆனால் மூன்றாவது அளவுக்குள் வேகம் கூடிவிட்டது. மறுபடியும் வாசிக்கச் சொன்னேன், மறுபடியும் கூடியது. கையை எடுத்துவிட்டு, “மிஸ், இது நிக்கவே மாட்டேங்குது” என்றாள். அவள் சொன்னது பியானோவின் அடிப்படைக் குணத்தையே. குரலும் வயலினும் ஒரு சுரத்தைத் தாங்கி நிறுத்தும், வேண்டுமானால் பெருக்கவும் செய்யும்; பியானோவில் சுத்தியல் கம்பியைத் தட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். வேகமாக வாசிக்கும்போது இது காதில் படாது, மெதுவாக வாசிக்கும்போது வெளிப்பட்டுவிடும். ஆகவே முந்தைய கார்டு எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறதோ, அந்த அளவிலேயே அடுத்த கார்டைத் தொட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே வரியாகக் கேட்கும். தேய்வதைக் கேட்காமல் இதைச் செய்ய முடியாது. ஒலியை நீட்டிக்கும் பெடலைத் தொடாமல் ஒரே ஒரு கார்டை அழுத்திப் பிடித்து, அது முழுவதும் அடங்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கச் சொன்னேன். கேட்டாள். பிறகு எதுவும் சொல்லாமலே முதல் அளவை வாசித்தாள். வேகம் கூடவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பீத்தோவன் காலத்து வியன்னா பியானோக்களின் கீழ்ச்சுரங்கள் மெலிந்து தெளிவாக ஒலித்தவை. இன்றைய பியானோவின் கனத்த கம்பிகளில் அதே நெருக்கமான கார்டுகள் கலங்கிவிடும். ஆகவே இடக்கையின் எடையைக் குறைத்து, மேலே இருக்கும் சுரத்தைச் சற்றே வெளிக்கொண்டுவந்து, பெடலைப் பாதியளவே பயன்படுத்தப் பழக வேண்டும். அவள் வீட்டில் இருப்பது டிஜிட்டல் பியானோ, என் வீட்டில் அப்ரைட், மேடையில் கிராண்ட். மூன்றிலும் இந்தக் கீழ்ச்சுரங்கள் மூன்று விதமாகப் பேசும். கிராண்ட் பியானோவில், செபாஸ்டியன் எரார் உருவாக்கி, 1821-இல் காப்புரிமை பெறப்பட்ட இரட்டை விடுவிப்பு அமைப்பின் வழிவந்த இயக்கம் இருப்பதால், கீ முழுவதும் மேலே வராமலே அதே சுரத்தை மறுபடியும் தட்ட முடியும்; சாதாரண அப்ரைட்டில் அது முடியாது. எனவே ஒரே சுரத்தைப் படபடவென்று திரும்பத் தட்டும் படைப்புகளைப் பட்டியலிலிருந்து நான் முதலிலேயே நீக்கிவிட்டேன். பயிற்சி செய்யும் பியானோவில் வராத ஒன்றை மேடை பியானோவை நம்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மெதுவானது முடிவானதும் மற்றவை விரைவாகவே அமைந்துவிட்டன. தொடக்கத்துக்குப் பாக், 1722-இல் அவர் தொகுத்த வெல்-டெம்பர்டு கிளேவியரின் முதல் புத்தகத்திலிருந்து பி ஃபிளாட் மேஜர் பிரிலூடும் (முன்னுரை போன்ற உருப்படி) ஃபியூகும் (ஒரே கருப்பொருளைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் உருப்படி). கச்சேரியில் வர்ணம் பாடுவதுபோல, பிரிலூடின் ஓட்டம் விரல்களை மேடை பியானோவுக்குப் பழக்கிவிடும். ஃபியூகில் மூன்று குரல்கள் மட்டுமே இருப்பதால் எதுவும் மறைந்துபோகாது. இரண்டும் சேர்ந்து மூன்று நிமிடம். பதிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ ஆசிரியர் செர்னியின் பழைய பதிப்பை நகலெடுத்துக் கொண்டுவரும் மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் உள்ள வேகக் குறிப்புகளும், உரக்க, மெல்ல என்னும் குறிப்புகளும் செர்னி சேர்த்தவை, பாக் எழுதியவை அல்ல. நான், இசையமைப்பாளர் எழுதியதை மட்டும் தர முயலும் ஊர்டெக்ஸ்ட் பதிப்பையே வாங்கச் சொல்கிறேன்.

முடிவில் ஷோபானின் எட்யூட் (பயிற்சி உருப்படி), ஓபஸ் 25 எண் 2, எஃப் மைனர், ஒன்றரை நிமிடம். வலக்கை மூன்று மூன்றாக ஓடும்போது, இடக்கை அதே ஆறு சுரங்களின் நேரத்தை இரண்டிரண்டாகப் பிரித்து மூன்று சுரங்களாக வைத்துப் போகிறது. சிறுவயதில் பாட்டியிடம் திஸ்ரம் (மூன்று மூன்றாக எண்ணும் நடை) போட்டுப் பழகிய பெண்ணுக்கு இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு அவளே பிடித்துக்கொண்டாள். அந்த ஆழ்ந்த லார்கோவுக்குப் பிறகு, மெல்லிய ஒலியில் பறந்து முடியும் ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

பார்டோக் 1915-இல் எழுதிய ருமேனிய நாட்டுப்புற நடனங்களை விட வேண்டியிருந்ததில் எனக்கு வருத்தம்தான். திரான்சில்வேனியக் கிராமத்து மெட்டுகளிலிருந்து உருவான அந்த ஆறு சிறு நடனங்களில், மாயாமாளவகௌளையின் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே உள்ள அதே அகன்ற தாவல் வரும் இடங்களை வாசித்துக்காட்டியபோது, அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு இடமில்லை. மூன்றும் சேர்ந்து இப்போதே 14 நிமிடம். மிச்சமிருக்கும் ஒரு நிமிடத்தை நான் எதற்கும் கொடுக்கப்போவதில்லை. லார்கோவின் மௌனங்களைப் பயத்தில் சுருக்காமல் இருக்க அது அவளுக்கு வேண்டும். பார்டோக்கை ஏப்ரலில் வீட்டுக் கச்சேரிக்கு வைத்துக்கொள்வோம்.

தசரா விடுமுறைக்குள் லார்கோவை முழுவதும் மனப்பாடம் செய்துவிட்டு, பத்து நாள் அதைத் தொடாமல் வைத்திருந்து, மறுபடியும் எடுக்கத் திட்டம். எட்யூடை செப்டம்பரில்தான் தொடங்குவோம். எங்கள் பகுதித் தேவாலயம் ஒன்றில் பழைய கிராண்ட் பியானோ இருக்கிறது. புதன்கிழமை மதியங்களில் ஒரு மணி நேரம் அவளை வாசிக்க விடுமாறு கேட்டிருந்தேன், அனுமதி கிடைத்துவிட்டது. நேற்று நானே போய்ப் பார்த்தேன். மழைக்கால ஈரத்தில் இரண்டு கீகள் ஒட்டுகின்றன, கீழ்ப்பகுதியில் ஒரு டி சுரம் சற்றே அதிர்கிறது. லார்கோ முடிவது அந்தச் சுரத்தில்தான். டியூனர் திங்கள்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.