அம்மாவிடம் தமிழில் கேட்டபோது

அப்பா போய் ஏழு மாதத்தில் அம்மாவுக்கு மறதி கூடிப்போனது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார். வயது 68. பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மறதி நோய்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

பாலக்காட்டில் டாக்டர் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மறதியும் சோர்வும் வரும். இரண்டுமே சரியாக இருந்தன. அப்புறம்தான் சைக்காலஜிஸ்ட், ஒரு பெண்.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, கடைசி இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, அதிகபட்சம் 27. தாள் மலையாளத்தில் இருந்தது. இரண்டாவது கேள்வியில், "விஷமம் தோன்றாறுண்டோ?" என்றார். அம்மா பதறிப்போய், "நான் யாருக்கும் ஒரு விஷமமும் பண்ணுனதில்லீங்க" என்றார். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். 0 போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாம். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். புதுத் தாள் எடுத்து, தமிழில் முதலிலிருந்து கேட்டார். அம்மா நெஞ்சைத் தொட்டு, "இங்க கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்குது கண்ணு" என்றார்.

நடுநடுவே நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை வெளியே உட்காரச் சொன்னார். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் அதற்கு உண்மையைச் சொல்வாள்?

மொத்தம் 16 வந்தது. அந்த எண்ணை வைத்து மட்டும் நோய்க்குப் பெயர் வைக்கவில்லை. தூக்கம், பசி, எப்போது தொடங்கியது, முன்பு எப்படி இருந்தார் என்று என்னிடம் தனியாகக் கேட்டார். இன்னொரு நாள் நினைவுப் பரிசோதனை. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்; அம்மா சரியாக வரைந்தார். மூன்று சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டதற்கு, "தெரியலீங்க" என்று முதலிலேயே கையை விரித்துவிட்டார். சின்னதாகக் குறிப்பு கொடுத்ததும் மூன்றும் வந்தன. மனச்சோர்வில் இப்படித்தான் அதிகம் பார்க்கிறோம் என்றார்.

மாத்திரையை மனநல டாக்டர் எழுதினார். பேச்சு சிகிச்சை இவரிடம், வாரம் ஒரு முறை, தமிழில். மூன்று மாதம் கழித்து நினைவுப் பரிசோதனையை மறுபடி செய்வார்கள். மனச்சோர்வு இறங்கிய பிறகும் மறதி நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.