ஓர் இறப்புக் கிளைமும் ஐந்து மாத அலைச்சலும்

ஆயுள் காப்பீட்டு முகவராக நான் சேர்ந்தது 2009ஆம் ஆண்டு. பயிற்சி, தேர்வு, உரிமம் எல்லாம் தடையின்றி முடிந்தன. முதல் பத்தாண்டுகள் இது எனக்கு, முதலாண்டு பிரீமியத்தில் 25 சதவீதமும், அடுத்த இரண்டாண்டுகள் 7.5 சதவீதமும், அதன்பின் 5 சதவீதமும் கமிஷன் தரும் ஒரு பிழைப்பு மட்டுமே. குடும்பங்களைக் காக்கும் பணி செய்கிறோம் என்று வளர்ச்சி அதிகாரி கூட்டத்தில் பேசும்போது கைதட்டுவோம். வெளியே வந்ததும் அந்த மாத இலக்குக்கு இன்னும் எத்தனை பாலிசி குறைகிறது என்பதைத்தான் பேசிக்கொள்வோம். என்னிடம் இருந்த எண்ணத்தை மாற்றியது 2019 அக்டோபர் முதல் 2020 மார்ச் வரை ஒரே ஒரு இறப்புக் கிளைமுக்காக, அதாவது பாலிசிதாரர் இறந்தபின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகைக்காக, நான் அலைந்த அலைச்சல்.

கரூர்ப் பக்கம் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்த ஒருவருக்கு, 2011 பிப்ரவரியில் 2 இலட்ச ரூபாய்க்கு, 20 ஆண்டுகளுக்கான எண்டோமெண்ட் பாலிசி (இடையில் இறந்தாலும், காலம் முடியும்வரை இருந்தாலும் தொகை தரும் சேமிப்பு வகை) போட்டிருந்தேன். அப்போது அவருக்குத் திருமணம் ஆகவில்லை. நாமினி, அதாவது அவர் இறந்தால் தொகையைப் பெறக் குறிக்கப்பட்டவர், அவருடைய தாயார். ஆறு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியவர், பட்டறையில் வேலை குறைந்த 2017இல் கட்டுவதை நிறுத்திவிட்டார். 2018 ஜூனில் மூன்று அரையாண்டுத் தவணைகளையும் வட்டியையும் சேர்த்துக் கட்டவைத்துப் பாலிசியைப் புதுப்பித்தேன். என் புதுப்பிப்புக் கமிஷன் நின்றுபோனதும் நான் அவரை விடாமல் வற்புறுத்தியதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2019 செப்டம்பரில், 36ஆவது வயதில், மாரடைப்பில் அவர் இறந்தார். மனைவியும், ஏழும் ஐந்தும் வயதான இரண்டு குழந்தைகளும் இருந்தனர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாலிசிப் பத்திரம் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு துணிக்கடைப் பையில் பத்திரமாக இருந்தது. அதை விரித்து நாமினி பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பகீரென்றது. தாயார் 2014இலேயே இறந்துவிட்டார் என்று அந்தப் பெண் சொன்னார். திருமணப் பத்திரிகை எனக்கும் வந்தது, சாப்பிட்டுவிட்டும் வந்தேன். நாமினியை மாற்ற ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் போதும், அதை நான் செய்யவில்லை. நாமினி உயிருடன் இருந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், பாலிசிப் பத்திரம், உரிமைகோருபவர் படிவம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு பெரும்பாலும் முடிந்திருக்கும். இப்போதோ வாரிசுச் சான்றிதழ், தாயாரின் இறப்புச் சான்றிதழ், இழப்பீட்டு உறுதிப் பத்திரம் (பின்னால் வேறு யாரேனும் உரிமை கோரினால் ஈடுசெய்வதாக எழுதித் தருவது), அதற்கு ஒரு பிணையாளர் என்று பட்டியல் நீண்டது. இதைப் படிப்பவர்கள் தங்கள் பாலிசியில் யார் நாமினி என்பதை இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வீண் பயணம் தாயாரின் இறப்புச் சான்றிதழுக்காக. சொந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டு நாட்கள் காத்திருந்து 2014ஆம் ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டச் செய்தோம், பெயர் இல்லை. மூன்றாவது முறை போனபோதுதான் அங்கிருந்த முதியவர் ஒருவர், "அந்தம்மா மக வீட்டுலதானே தவறுனாங்க" என்று நினைவுபடுத்தினார். இறப்பு எந்த ஊரில் நிகழ்ந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். அடக்கம் நடந்த ஊரோ, ரேஷன் அட்டை இருக்கும் ஊரோ கணக்கில் வராது. பழனிப் பக்கம் இருந்த அந்தக் கிராமத்தில் கேட்டதும் ஒரே நாளில் சான்றிதழ் கிடைத்தது.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர வேண்டும். கணவரின் இறப்புச் சான்றிதழில் தந்தை பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்ததால் கோப்பு இரண்டு வாரம் நின்றது. மருத்துவமனைப் பதிவிலிருந்தே திருத்தி வாங்க வேண்டியிருந்தது. சான்றிதழ் கைக்கு வந்த அன்றைக்கே எழுத்து எழுத்தாகப் படித்துவிடுவது நல்லது.

இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு ஜனவரியில் கிளை அலுவலகத்துக்குப் போனபோது, கவுண்ட்டரில் இருந்தவர் கோப்பைப் பிரிக்காமலேயே, "ரிவைவல் பண்ணி மூணு வருஷம் ஆகலையே, இதெல்லாம் தேறாதுங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. படிகளில் இறங்கும்போது என்னிடம், "நீங்க எனக்காக அலையறதை விட்டுருங்கண்ணா, நான் நூல் மில்லுக்கே போய்க்கறேன்" என்றார். எட்டு ஆண்டுகள் அவர் கணவரிடம் தவணைக்கு நினைவூட்டி நினைவூட்டிப் பணம் கட்டச் சொன்ன என்னால் அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை.

அன்றிரவு 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவை மறுபடி படித்தேன். பாலிசி வழங்கப்பட்டது, காப்பு தொடங்கியது, புதுப்பிக்கப்பட்டது, ரைடர் (கூடுதல் காப்பு) சேர்க்கப்பட்டது ஆகியவற்றில் எது கடைசியோ, அதிலிருந்து மூன்றாண்டுகள் கழிந்துவிட்டால் எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அந்த மூன்றாண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் விசாரிக்கலாம். முக்கியமான உண்மை மறைக்கப்பட்டது என்று கண்டால் காரணத்தை எழுத்தில் தெரிவித்து மறுக்கலாம். விசாரிக்கலாம் என்பதுதான் சட்டம். தேறாது என்று அதில் எங்கும் இல்லை. மறுநாள் நேராகக் கிளை மேலாளரைப் பார்த்துக் கோப்பைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்கினேன். ஒப்புகை இல்லாமல் எந்தக் காகிதத்தையும் கொடுக்கக் கூடாது; கால வரம்பை நாளைக்கு எண்ணிச் சொல்ல அந்த முத்திரைத் தேதிதான் உதவும். (2024 விதிகளின்படி, விசாரணை தேவைப்படாத இறப்புக் கிளைமை 15 நாட்களிலும், தேவைப்படுவதை 45 நாட்களிலும் முடிக்க வேண்டும்.)

விசாரணை அதிகாரி வந்தார். பட்டறையின் விடுப்புப் பதிவேடு, தெருமுனை மருந்துக்கடை, மருத்துவமனை என்று எல்லா இடங்களிலும் கேட்டார். அவர் கையில் கிடைத்தது, இறந்தவர் 2016இல் மஞ்சள் காமாலைக்காக ஆறு நாட்கள் உள்நோயாளியாக இருந்த பதிவு. பாலிசி புதுப்பிக்கும்போது கொடுத்த உடல்நல அறிவிப்பில் இதை மறைத்திருந்தால் புதுப்பித்ததே செல்லாது என்று சொல்லி, செலுத்திய ஆறு ஆண்டுகளுக்கான பெய்டு-அப் தொகையோடு (கட்டிய தவணைகளின் விகிதத்தில் குறைக்கப்பட்ட தொகையோடு) முடித்துவிடும் வாய்ப்பு இருந்தது. அது முழுத் தொகையில் பாதிகூட வராது.

அந்த அறிவிப்புப் படிவத்தின் நகலை என் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். "கடந்த ஐந்தாண்டுகளில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதுண்டா" என்ற கேள்விக்கு எதிரே, நீல மையில், வெல்டிங் தீப்பொறி பட்டுக் காய்த்த கையால் அழுத்தி எழுதப்பட்ட "ஆம்" இருந்தது. அடுத்த வரியில் நோயின் பெயரும் மாதமும். 2018இல் அதை எழுதச் சொன்னபோது, "இதை எழுதுனா பாலிசி தருவாங்களாண்ணா?" என்று தயங்கினார். எழுதுங்கள், கூடுதல் பரிசோதனை கேட்டால் செய்துகொள்ளலாம் என்றேன். இரத்தப் பரிசோதனை கேட்டார்கள், செய்தோம், ஏற்றுக்கொண்டார்கள். எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று தாங்களே நிரப்பிக் கையெழுத்து மட்டும் வாங்கும் முகவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். அவசரத்தில் நானும் சில படிவங்களை அப்படி நிரப்பியிருக்கிறேன். அன்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் காட்ட எனக்கு நேரம் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. அதிகாரி படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, நகலில் குறியிட்டுக்கொண்டு, "சரியா எழுதியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டார்.

2020 மார்ச் இரண்டாம் வாரம் பணம் வந்தது. அந்தப் பெண் வங்கியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, அச்சிட்ட ஈரம் காயாத பாஸ்புக்கைத் திறந்து காட்டினார்: போனஸ் சேர்த்து 2,72,000 ரூபாய், ஒரே வரியில். அந்த மாதம் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. பட்டறைகளும் மில்களும் மூடின. அடகில் இருந்த நகையை மீட்டதுபோக மிச்சத்தை வைத்து அந்தக் கோடையை அவர்கள் கடனின்றிக் கடந்தார்கள்.

அந்த வரியைப் பார்த்தபோது மகிழ்ச்சியோடு ஒரு வேதனையும் வந்தது. அவர் கட்டிய பிரீமியம் ஆண்டுக்குச் சுமார் 10,000 ரூபாய். அதைவிடக் குறைந்த பிரீமியத்துக்கே டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல், இறந்தால் மட்டும் தொகை தருவது) எடுத்துக் கொடுத்திருந்தால் இதைப் போலப் பல மடங்கு தொகை அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கும். பிரீமியம் குறைந்தால் கமிஷனும் குறையும் என்பதால் நான் அதைப் பற்றி அவரிடம் பேசவே இல்லை. இப்போது சம்பாதிக்கும் ஒரே ஆள் உள்ள வீட்டில் முதலில் டேர்ம் பாலிசியைப் பற்றித்தான் பேசுகிறேன். முன்பு இரண்டு முறை மறுத்தவர் வீட்டுக்குத் திரும்பப் போகக் கூச்சமாக இருக்கும். இப்போது மூன்றாம் முறையும் போகிறேன், கூச்சம் இல்லை.

ஊரடங்கு நாட்களில் என் பதிவேட்டிலுள்ள 212 பாலிசிதாரர்களையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, நாமினி யார், உயிருடன் இருக்கிறாரா, திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். 31 பேருக்கு மாற்ற வேண்டியிருந்தது. 29 பேர் படிவம் கொடுத்துவிட்டார்கள். இருவர் இன்னும் நாள் கடத்துகிறார்கள். ஒருவருக்கு நாமினி, இறந்துபோன அண்ணன். வரும் ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.