பழைய தோட்டப் படங்களுக்கு எந்தச் செயலி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பலர் வீட்டில் பழைய படங்கள் இன்னும் இருக்கின்றன. லயத்து வாசலில் தாத்தா, தோட்டத்துக் கோயில் திருவிழா, வாளியோடு பால்மரம் வெட்டப் போகும் பாட்டி. இவற்றைக் கைப்பேசியிலேயே சரிசெய்ய எது நல்லது என்று தங்கை ஒருவர் கேட்டார்.

முதலில் படத்தை ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். கூகுளின் போட்டோஸ்கேன் செயலி இலவசம். திரையில் தெரியும் நான்கு புள்ளிகளுக்கும் கைப்பேசியை நகர்த்துங்கள். வெவ்வேறு கோணங்களைச் சேர்த்து, விளக்கொளி பட்டு மினுங்கும் இடத்தை நீக்கிவிடும்.

அப்புறம் ஸ்னாப்சீட். படங்களைத் திருத்தும் செயலி; இதை உருவாக்கிய நிறுவனத்தை 2012-இல் கூகுள் வாங்கியது. காசு கேட்காது, படத்தின் மேல் முத்திரை குத்தாது. ஹீலிங் கருவியால் கீறலைத் தொட்டால் பக்கத்து நிறத்தை எடுத்து மூடும். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, சிறிது சிறிதாகச் செய்யுங்கள். முகத்துக்கு மட்டும் வெளிச்சம் கூட்ட செலெக்டிவ் கருவி போதும். லைட்ரூம் செயலியும் நல்லதுதான், ஆனால் சில கருவிகளுக்குச் சந்தா கட்ட வேண்டும்.

ஒருமுறை தட்டினாலே மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செயலிகளைத் தயவுசெய்து வேண்டாம் என்பேன். இல்லாத விவரத்தை அவை யூகித்து நிரப்புகின்றன. பாட்டியின் முகம் வெளுத்து, மூக்குத்தி மறைந்து, யாரோ ஒரு பெண் வந்து நிற்கிறார். வெயிலில் உழைத்துக் கருத்த முகம் அது. அதை வெளுக்க நமக்கு என்ன உரிமை?

சரி, இன்னொன்று. ஸ்கேன் செய்த மூலப் படத்தைத் தனியாக வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள், தரம் குறையாது.