வண்டு தயங்கி நின்ற அரை விநாடி

இயக்குநர் ஸ்டாரெவிச் 1912இல் ரஷ்யாவில் எடுத்த ‘ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்’ என்ற குறும்படம் எனக்கு உயிர். மனைவிக்குத் தெரியாமல் நடனக்காரத் தும்பியோடு சுற்றும் வண்டு, அதைச் சாவித் துவாரம் வழியாகப் படம்பிடித்து ஊர் முன்னால் திரையில் ஓட்டிவிடும் வெட்டுக்கிளி. நடித்ததெல்லாம் செத்த பூச்சிகள். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக எடுத்து, வரிசையாக ஓட்டி உயிருள்ளவை போலக் காட்டினார் ஸ்டாரெவிச். முன்பு மான்கொம்பு வண்டுகளின் சண்டையை உயிரோடு படம்பிடிக்கப் பார்த்தார். விளக்கைப் போட்டதும் அவை அசையாமல் கிடந்தன. அதனால்தான் இந்த வழிக்கு வந்தார்.

அதில் ஒரு நடையையாவது என் கையால் செய்து பார்க்க ஆசை. தென்னை மரத்தடியில் காண்டாமிருக வண்டு ஒன்று செத்துக் கிடைத்தது. நன்றாகக் காய்ந்திருந்தது, தொட்டதும் ஒரு கால் ஒடிந்துவிட்டது. அப்புறம் ஈரத் துணி போட்ட டப்பாவில் இரண்டு நாள் மூடி வைத்தேன். மூட்டுகள் இளகின, ஆனால் வைத்த இடத்தில் கால் நிற்கவில்லை. ஸ்டாரெவிச் பூச்சிக் காலுக்குப் பதில் கம்பி வைத்து அரக்கால் ஒட்டினார். நானும் மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து, உருக்கிய அரக்கை ஊசி முனையில் தொட்டு வைத்தேன். அரக்கும் ஒரு பூச்சி தருவதுதானே, அதை நினைக்க மனசுக்கு இதமாக இருந்தது.

முதல் நாள் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததெல்லாம் வீண். மேகம் நகர நகரப் படம் மின்னியது. மறுநாள் ஜன்னலைச் சாத்தி, இரண்டு மேஜை விளக்கு போட்டு, போனில் வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டேன்.

நடைதான் படுத்தியது. ஆறு காலையும் ஒவ்வொன்றாக நகர்த்தினால் வண்டு நடுங்குகிறது, நடக்கவில்லை. சுவரில் போன ஓர் எறும்பை உற்றுப் பார்த்தேன். ஒரு பக்கம் முன்னும் பின்னும், மறுபக்கம் நடுக்கால், இந்த மூன்றும் சேர்ந்து எழும்போது மற்ற மூன்றும் உடம்பைத் தாங்குகின்றன. அதே மாதிரி, படத்துக்கு 2 மில்லிமீட்டர் நகர்த்தினேன். விநாடிக்கு 12 படம், மொத்தம் 48. இரண்டரை மணி நேரம் ஆனது.

30ஆவது படத்தில் ஒரு முன்காலை மட்டும் தூக்கி, 6 படம் அப்படியே விட்டேன். ஓட்டிப் பார்த்தால், யாராவது கவனிக்கிறார்களா என்று வண்டு தயங்கி நிற்கிறது! பூச்சிக்கு முகபாவமே கிடையாது. ஸ்டாரெவிச்சின் வண்டு கள்ளத்தனமாகத் தெரிவது இந்த நிறுத்தத்தால்தான் என்று அப்போதுதான் பிடிபட்டது.

அடுத்து வெட்டுக்கிளி. அதன் கேமரா முக்காலிக்குத் துடைப்பக் குச்சி சீவி வைத்திருக்கிறேன்.